வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு

அக்கா: மத்த பதினோரு கதையையும் தாராளமா அச்சடிச்சுக்கோ. இந்த ஒண்ணை மட்டும் எடுத்துடு.

தம்பி: நாளைக்குக் காலையில புத்தகம் அச்சுக்குப் போகுதுக்கா. இப்ப வந்து...

அக்கா: நீ இப்பதானே படிக்கக் குடுத்தே?

தம்பி: எழுத்துப்பிழை பார்க்கக் குடுத்தேன்.

அக்கா: பார்த்துட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

தம்பி: புத்தகமே சாவை வச்சுச் சிரிக்க வைக்கிற கதைங்கதான். இதுக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீ சிரிக்கல? உண்மையைச் சொல்லு.

அக்கா: சிரிச்சேன்டா. அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழட்டிக் கழட்டிப் போடறதும், "பெரியவரே, இது என்ன தொப்பியா, நினைச்சா கழட்டறதுக்கு?"ன்னு நர்ஸம்மா திட்டறதும்... அப்படியே எழுதியிருக்கே. சிரிச்சேன். அப்புறம் அந்த வரி வந்துச்சு.

தம்பி: எந்த வரி?

அக்கா: தெரியாத மாதிரி கேக்காதே. கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு மக சொல்றா... "எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் லீவு. அதுக்குள்ள முடிஞ்சா தேவல."

தம்பி: ம்.

அக்கா: நானாடா அதைச் சொன்னேன்?

தம்பி: கதைதானேக்கா... பொண்ணு சொன்னா கொஞ்சம் எடுபடுது.

அக்கா: எடுபடும்டா. சொன்னவன் கையிலயே பேனா இருந்தா ஏன் எடுபடாது?

தம்பி: சரி. நான்தான் சொன்னேன், போதுமா? ரெண்டு நாளா அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து இடுப்பே விட்டுப் போச்சு. மேனேஜர் வேற மணிக்கொரு தடவை போன்... வாய் தவறி வந்துடுச்சு. மகன்னு மாத்திடறேன். இப்பவே. பேனாவைக் குடு.

அக்கா: மாத்தினாலும் வேண்டாம்.

தம்பி: ஏன்? யாரு மனசு நோகப் போகுது? அப்பா காதுல அது விழவே இல்லையே! பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காது மெஷினைக் கழட்டி என் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். அந்த தைரியத்துலதான் எழுதவே உட்கார்ந்தேன். கதையில கிழவர் எல்லாத்தையும் கேட்டுட்டுத் தூங்கற மாதிரி நடிக்கிறாரே, அது என் கற்பனைக்கா.

அக்கா: எந்தக் காதுல கழட்டினே?

தம்பி: வலது காதுல. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. ஏன்?

அக்கா: ஒண்ணுமில்ல. விடு.

தம்பி: அவருக்கு இருந்ததே ஒரு மெஷின்தானே?

அக்கா: நீ திங்கட்கிழமைதானேடா வந்து இறங்கினே... அதுக்கு முந்தின வாரம் இடது காதுக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டேன்.

தம்பி: தலகாணிப் பக்கம் இருந்த காது...

அக்கா: ஆமா.

தம்பி: போட்டிருந்தா? தலகாணியில அமுங்கின காதுல என்ன கேட்டிருக்கும்? நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே. மறுநாள் வியாழக்கிழமையே போயிட்டாரு, பாவம். அந்த நிலைமையில...

அக்கா: நீ டீ குடிக்கப் போனதும் கண்ணைத் திறந்தாருடா.

தம்பி: ...ஏதாவது சொன்னாரா?

அக்கா: போதும்டா. கதையை எடுத்துடு, அவ்வளவுதான் கேக்கறேன்.

தம்பி: நாலு வருஷமா எங்கிட்ட மூடி வச்சிருக்கே. சொல்லு. என்னைத் திட்டினாரா?

அக்கா: அவர் எப்படா உன்னைத் திட்டியிருக்காரு?

தம்பி: அப்ப என்னதான் சொன்னாரு?

அக்கா: "இன்னைக்கு என்ன கிழமைம்மா?"ன்னு கேட்டாரு. புதன்கிழமைப்பான்னேன். அதுக்கப்புறம்தான்டா அந்த மாஸ்க்கைக் கழட்ட ஆரம்பிச்சாரு.