கிளட்ச் பிடிக்காத கப்பல் அண்ணன்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்திருக்கும் என் அருமைத் தோழர்களே, பார்சல் ஏன் இன்னும் வரவில்லை என்று சண்டை போட வந்து, விஷயம் தெரிந்து, மரியாதைக்காக உட்கார்ந்துவிட்ட வாடிக்கையாளர் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தப் பார்சல் அலுவலகத்தின் மூத்த ஓட்டுநர், இருபத்து மூன்று ஆண்டுகள் இரண்டே சக்கரங்களில் ஊரைச் சுற்றிய மாவீரர், நம் கப்பல் அண்ணன், சென்ற வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். அவருக்கு ஏன் கப்பல் என்று பெயர்? பின்னால் உட்கார்ந்து போனவர்களைக் கேளுங்கள்! நாம் கியர் மாற்றினால் பின்னால் இருப்பவரின் மூக்கு நம் முதுகில் வந்து இடிக்கும். அண்ணன் மாற்றினால் பின்னால் இருப்பவர் தூங்கிவிடுவார். நானே தூங்கியிருக்கிறேன்.

இத்தனைக்கும், கியர் மாற்ற நாமெல்லாம் இடது கையால் பிடிக்கிற கிளட்சை அவர் தொடவே மாட்டார்! கிளம்பும்போது மட்டும் மணிக்கட்டை வளைத்து ஒரு இழுப்பு இழுப்பார். அதன்பின் இடது கை கைப்பிடிமேல் சும்மா கிடக்கும். சிக்னலில் சிவப்பு தெரிந்தால் நூறடிக்கு முன்பிருந்தே ஊர்ந்து ஊர்ந்து, பச்சை விழும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அண்ணன் புன்னகை செய்வார்.

அது ஸ்டைல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தோழர்களே, அது ஸ்டைல் அல்ல! ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் அவருடைய இடது கை விரல்களில் பிடிப்பு போய்விட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை கிளட்ச் பிடிக்கலாம். ஐந்நூறு முறை முடியாது. சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. அண்ணிதான் போட்டுவிடுவார். 'கல்யாணமாகி இத்தனை வருஷம், இன்னும் கொஞ்சலைப் பாரு' என்று நாம் கேலி செய்தோமே, நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

இதை இங்கே சொல்லலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "சொல்லுங்க தம்பி. இனிமே அவரை யாரு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க?" என்றார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்த ரகசியம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்போதுதான் மேலாளர் ஐயா புதிதாகப் பொறுப்பேற்றார். வந்த மூன்றாம் நாள் வாசலில் நின்று அண்ணனைப் பார்த்தார்.

"என்னய்யா இது, இடது கையை விருந்தாளி மாதிரி உட்கார வச்சிருக்காரு? கை சரியில்லேன்னா குடோன்ல மூட்டை தூக்கப் போகச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார்.

ஐயா, மன்னிக்க வேண்டும். கை சரியில்லாதவரை மூட்டை தூக்க அனுப்பும் அந்த அரிய யோசனை உங்களுடையதுதான். குடோனுக்குப் போனால் இரண்டாம் நாளே அவருக்கு வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொய் சொன்னேன்.

"கையில ஒண்ணும் இல்ல சார். இது ஒரு முறை. கிளட்ச் தேயாது. நாங்க எல்லாருமே இப்படித்தான் ஓட்டுறோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும் சார்."

"அப்போ திங்கட்கிழமை காலையில எல்லாரும் என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு பேரில் அந்த வித்தை தெரிந்தவர் ஒரே ஒருவர்! 'கற்காவிட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும்' என்று மட்டும் உங்களிடம் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை.

குடோனுக்குப் பின்னால், சாப்பாட்டு இடைவேளையில் பயிற்சி தொடங்கியது. "கால் விரலால கியர் லீவரை லேசா அழுத்தி வச்சுக்கோ. உதைக்காத. கதவைத் தட்டிட்டு நிக்கிற மாதிரி நில்லு. இப்போ ஆக்சிலேட்டரை ஒரு துளி விடணும். கியர் தானா விழும். உடனே முறுக்கிடணும்" என்று பாடம் எடுத்தார் அண்ணன். கேட்பதற்கு எவ்வளவு எளிது!

முதலில் நம் குண்டுத் தம்பி கிளம்பினார். வேகம் வந்ததும் அண்ணன், "விடு!" என்று கத்தினார். தம்பி விட்டார். இரண்டு கையையும் விட்டார்! வண்டி நேராகப் போய் அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் புகுந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"விடுன்னீங்களேண்ணே!"

"ஆக்சிலேட்டரைச் சொன்னேன்டா!"

"அதையும் சேர்த்துத்தான் விட்டேன்!"

அன்றோடு 'விடு' என்ற சொல் நம் அலுவலகத்தில் தடை செய்யப்பட்டது. மறுநாள் "தளர்த்து!" என்றார். ஒருவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். அவர் அப்போதுதான் சாப்பிட்டு வந்திருந்தார்.

என் கதை அதைவிட மோசம். எனக்குக் கியர் விழவே விழாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். எஞ்சின் அலறும், வண்டி முன்னேறாது. நம் சங்கக் கூட்டங்கள் சில அப்படி நடந்ததுண்டு. தலைவர் பொறுத்தருள வேண்டும். அண்ணன் விடவில்லை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் ஒரு கியர் ஏற்றி, ஒரு கியர் இறக்கி நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "காலையில குளிக்காம வந்திருந்தா பிரயோஜனமா இருந்திருக்கும்" என்றார். கோபித்துக்கொண்டாரா? இல்லை. போய் மறுபடி தண்ணீர் பிடித்து வந்தார். சனிக்கிழமை அரை டம்ளர் மிஞ்சியது. "பாஸ்" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. பன்னிரண்டு வண்டிகள், பன்னிரண்டு இடது கைகள், பன்னிரண்டும் விருந்தாளிகள்! குண்டுத் தம்பிக்கு மட்டும் நிறுத்தும் இடத்தில் நியூட்ரல் விழவில்லை. கிளட்சைப் பிடித்தால் அண்ணனுக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில், பிடிக்காமலே கட்டடத்தை நான்கு சுற்று சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் மேலாளருக்கு ஒரு சல்யூட் வைத்தார். "நல்ல ஒழுக்கமான பையன்" என்று ஐயா பாராட்டியது நினைவிருக்கும். அப்படித்தான், ஐயா, உங்களைப் பதினோரு வருடம் ஏமாற்றினோம்.

இப்போது என் கையில் ஒரு தாள் இருக்கிறது. நிறைவாக நான் வாசிக்க வேண்டிய உறுதிமொழி. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அடுத்த மாதம் முதல் 'கப்பல் முறை' கட்டாயம் என்று மேலாளர் ஐயா ஆசையோடு எழுதித் தந்தது. ஐயா, இதை என்னால் வாசிக்க முடியாது. அது முறை அல்ல. ஒரு மனிதர் பயந்து பயந்து ஓட்டிய ஓட்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. இதிலுள்ள எழுத்து எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடமாகவே இப்படித்தான்! தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும், பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது. தினமும் காலையில் என் பார்சல்களின் முகவரிகளை அண்ணன்தான் வாசித்துக் காட்டுவார். நான் மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவேன். வெளியே சொன்னால் குடோனுக்கு அனுப்பிவிடுவார்களே என்று நானும் மூடி மறைத்தேன். வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்ட ஆளில்லை. மருந்துக்கடைப் பெட்டி தையற்கடைக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். தையற்கடைக்காரர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த மாத்திரைகளைத் தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள்.

எனவே, தோழர்களே, எழுந்து நில்லுங்கள். வேறொரு உறுதி எடுப்போம். கை வராவிட்டால் கை வரவில்லை என்போம். கண் தெரியாவிட்டால் தெரியவில்லை என்போம். சொன்னவனைக் குடோனுக்கு அனுப்ப விடமாட்டோம். அண்ணனுக்காக ஆறு நாளில் ஒரு வித்தையையே கற்றவர்கள் நாம். இதைக் கற்க முடியாதா?

மேலாளர் ஐயா, என் வண்டிச் சாவியை உங்கள் முன் இந்த மேசையில் வைக்கிறேன். நாளை கண் மருத்துவரைப் பார்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கேட்பேன். அப்போது அதை என்னிடமே திருப்பித் தர வேண்டும்.

அண்ணா, 'எனக்கு முடியலை' என்று இந்த அலுவலகத்தில் உரக்கச் சொல்ல உங்களுக்குப் பதினோரு வருடம் வாய்க்கவில்லை. இன்று நான் மைக்கில் சொல்லிவிட்டேன். போய் உட்காருகிறேன்.