சைக்கிள் மிதித்துக் கேட்ட செய்தி

ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் கையில் காலியான இன்சுலின் குப்பி.

"இரு கருத்துகள் நிலவுகின்றன எண்டு றேடியோ சொன்ன உடனை மிதிக்கிறதை நிப்பாட்டிப்போட்டன்," என்றாள். யுத்தத் தடையால் பற்றரி கிடைக்காத காலம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம்.

"என்ன கருத்து, அக்கா?"

"மருந்து முடிஞ்சுதெண்டு டொக்டர் ரெண்டு நிமிசம். தட்டுப்பாடே இல்லையெண்டு அமைச்சர் ரெண்டு நிமிசம்."

"அது நடுநிலைதானே?"

"மருந்து அலுமாரியைத் திறந்தால் தெரியிற விசயம் கருத்தோடி? என்ரை மனிசனுக்கு வீட்டிலை மிஞ்சிக் கிடக்கிற ஊசியும் நாளையோடை முடியுது."

நடுநிலை பற்றி நீண்ட கட்டுரை எழுதியவன் நான்.

யன்னலில் 'இன்சுலின் இல்லை' என்று அட்டை தொங்கவிட்டார்கள். வரிசை கலைந்தது. மூத்தவள் மட்டும் நகராமல் யன்னலுக்குள் நின்ற மருந்தாளரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, உந்த அட்டையிலை முத்திரை குத்தித் தாங்கோ."

"எங்கை கொண்டுபோகப் போறியள்?"

"பேப்பர்க் கந்தோருக்கு. அவங்களும் இண்டைக்கு ரெண்டு கருத்தெண்டுதான் போட்டிருக்கிறாங்கள்."

முத்திரை விழுந்தது. அட்டையையும் குப்பியையும் சைக்கிள் கூடைக்குள் வைத்தாள்.

"குப்பி எதுக்கக்கா?"

"மற்றக் கருத்தை இதுக்குள்ளை ஊத்தித் தரட்டும். தருமட்டும் அங்கையே இருக்கிறன்."