பழைய விதிக்கு ஆள் வேணும்

இல்ல தம்பி, அந்தப் புது விதிப் புஸ்தகத்த மூடிப் பையில வை. லைப்ரரில நான் ஒட்டின சீட்டுல என்ன இருந்துச்சு? பகடை உருட்டி ஆளுக்கொரு வேஷமா ஆடற ஆட்டத்துக்கு, பழைய விதில ஆட ஆள் வேணும்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனா இல்லியா? அப்புறம் என்ன? உக்காரு. பூட்ஸக் கழட்டி அந்த மிதியடி மேல வை, விஸ்கான்சின் பனி மொத்தமும் என் தரையிலதான் உருகுது.

பழசு ஆடினதே இல்லியா? மந்திரவாதியாத்தான் ஆடுவியா? சரிதான். இதுல புது மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதச் சொல்லித் தீத்துட்டா கம்ப ஊனிக்கிட்டு பின்னாடியே வரவேண்டியதுதான். பூனை பிராண்டினாலே உசுரு போயிரும். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். கவசம் நல்லா இருந்தா அதோட நம்பர் ஏறாது, குறையும். ஏன் குறையணும்னு கேக்காத. கல்யாணமான நாள்லேர்ந்து நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்.

செத்தா? செத்ததுதான். குத்துப்பட்டு விழுந்தவன் ராத்திரி படுத்துத் தூங்கி, காலைல புண்ணெல்லாம் ஆறி சோம்பல் முறிக்கிற கதையெல்லாம் உங்க புதுசுல.

சண்டையே அதுலதான் வந்துச்சு. இங்கான்னு என் சிநேகிதி, டாரல்னு அவ புருஷன். வாலிபத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்லதான். டிவில பேக்கர்ஸ் ஃபுட்பால் மேட்ச் இருந்தாக்கூட வந்துருவாங்க. நவம்பர்ல ஒரு நாள் ஆட்டத்துல இங்காவோட வேஷம், ஒரு குள்ளன், ஒரு பெட்டியத் திறந்தான். உள்ள விஷ ஊசி. பகடை உருட்டினா, கவுத்துருச்சு. ஆட்டத்த நடத்துறவர் எங்க வீட்டுக்காரர், மெர்ல். குள்ளன் செத்தான்னுட்டார். இவ இன்னொரு வாட்டி உருட்டுறேன், புதுசுல அப்படித்தானேங்கிறா. புதுசா, எது புதுசுங்கிறார் இவர். போன வாரம்தானே மெர்ல், ஒனக்குப் பக்கம் பக்கமா வெளக்கினேன்னு அவ கத்துறா. இவரு செத்தான் செத்தான்னு அதையே சொல்லிட்டிருக்கார். டாரல் எழுந்து கோட்ட மாட்டிக்கிட்டான்.

இப்ப அதே ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ல புதுசு ஆடறாங்க. இங்காவக் கடையில பாத்தேன். சீஸ் வாங்கிட்டு நிக்கறா. ஏண்டி வரலன்னு கேட்டா, விளையாட்டுன்னா சந்தோஷமா இருக்கணும் லவான், உம் புருஷன் பிடிவாதத்துக்கு நாங்க ஏன் அழணுங்கிறா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். ஒரு பொய்க் குள்ளன் போனதுக்கு இத்தன வருஷத்த உதறிட்டுப் போவாளா?

எனக்கா? எனக்குப் புதுசுதான் புடிக்கும். ஆமாப்பா. சண்டைக்கு முன்னாடி டாரல் வீட்ல ரெண்டொரு வாட்டி ஆடிப் பாத்தேன், என்ன சுலபம்! பழைய விதி எனக்கு என்னைக்குமே வேப்பங்காய்தான்.

மெர்லுக்குத்தான் புதுசு ஏறாது. பிடிவாதமெல்லாம் இல்ல. போன வருஷப் பனிக்காலத்துலேர்ந்து எதுவுமே ஏறல. அடுப்ப அணைக்கத் தெரியல, மக போன் பண்ணா யாருங்கிறாரு. டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு மூளை சுருங்குதுன்னாரு. ஆனா அந்தப் பழைய புஸ்தகம் மட்டும் ஒரு வரி கொறையாம இருக்கு. எந்த ராட்சசன் எத்தன அடி தாங்குவான்னு பாக்காமலே சொல்வாரு.

இல்ல, இங்காவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதன்னு தெளிவா இருந்த அன்னைக்கே சத்தியம் வாங்கிட்டாரு. அவங்க முன்னாடி பரிதாபமா உக்கார முடியாதாம். சொல்லிட்டா ஒரே நிமிஷத்துல ஓடி வருவா. வாயக் கட்டிப் போட்டுட்டாரே மனுஷன்!

நீ யாரோதானே, அதான் சொல்றேன். கீழ பேஸ்மெண்டுலதான் இருக்கார். ஒம் பேர திரும்பத் திரும்பக் கேப்பாரு, சலிச்சுக்காம சொல்லு. என்னைய நெட்டில்னு கூப்பிடுவாரு. அது ஆட்டத்துல என் திருடியோட பேரு. லவான்ங்கிற என் பேரு கிறிஸ்துமஸோட அவருக்கு மறந்து போயாச்சு. மேல இருக்கறப்ப நான் யாரோ சூப்பு குடுக்கற பொம்பள. கீழ மேஜைல உக்காந்தா, எங்க போயிட்ட நெட்டில், ஒனக்காகத்தான் காத்திருந்தேங்கிறாரு.

வா. படி செங்குத்து, தலையக் குனிஞ்சு எறங்கு.