பேரை மறைத்தால் பிள்ளையை எங்கே தேடுவது?

அலைகடல் ஓரத்தில் அன்பே கடலாய்த் திரண்டிருக்கும் இந்த அவையின் தலைவர், வணிகர் சங்கத்துப் பாண்டித்துரை அண்ணாச்சி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மூத்தோரே! பிள்ளையை மடியில் வைத்தபடி முன்வரிசையில் இருக்கும் தாய்மாரே! திரேஸ்புரத்திலிருந்து வலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே! வணக்கம். கையிலுள்ள சீட்டில் சொல்ல வேண்டிய பேர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. மன்னியுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவன். துறைமுகத்தில் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது என் பழைய வேலை. பெட்டி தாமதித்தால் மணி அடிக்கும். பெட்டிக்கு அடிக்கும் மணி பிள்ளைக்கு அடிக்க வேண்டாமா? அதற்குத்தான் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் இந்தப் பதிவேடு. இன்சுலின் வாங்க வரவேண்டிய பிள்ளை வரவில்லையா, எங்கள் திரை சிவக்கும். வீட்டுக்குப் போன் போகும்.

போன தசரா சமயம் ஒரு பேர் சிவந்தது. மாதுரி, வயது பன்னிரண்டு. போன் போட்டோம்.

"மாதுரியா? இது லாரி ஷெட்டுய்யா! இங்கன பொம்பளப் பிள்ளையே கிடையாது!"

நர்ஸ் கிருபை அக்கா விலாசம் தேடி அலைந்தார். அப்படி ஒரு வீடே இல்லை.

மாதுரி என்றொரு பிள்ளையே இல்லை, ஐயா! இருந்தவள் இந்துமதி. இங்கே பக்கத்துப் புதுக்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் மகள். அப்பாவும் மகளும் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று, பேரை மாற்றி, ஊரை மாற்றி, போன் நம்பரையும் மாற்றிக் கொடுத்திருந்தார். மகள் குணமாக வேண்டி வீடே தசராவுக்கு அம்மனை நினைத்து விரத மாலை போட்டது. மாலை போட்ட உடம்பில் ஊசி ஏறக் கூடாது என்று யாரோ சொல்ல, நிறுத்திவிட்டார்கள்.

சொன்னவள் அம்மனா? எந்தத் தாய் பிள்ளையின் மூச்சை நிறுத்தச் சொல்வாள்? இந்தப் பிள்ளைகளின் உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஊசி நின்றால் உயிர் ஊசலாடும்!

நினைவிழந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தபோது, கிருபை அக்கா அலறினார்: "அய்யோ, நம்ம மாதுரி!" அந்த ஒரு போன் அந்த வீட்டில் அடித்திருந்தால், அவள் தன் காலால் நடந்தே வந்திருப்பாள்.

பிள்ளை கண் விழித்தபோது அக்கா, "மாதுரி, தண்ணி குடிக்கியா?" என்றார். அவள் சொன்னாள்: "எம் பேரு இந்துமதிக்கா." அப்பா வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுதார்.

என்ன கேட்கிறீர்கள், தூணுக்குப் பின்னாலிருந்து? "கல்யாணம் நின்னா நீயா பதில் சொல்லுவ?" நல்ல கேள்வி அண்ணாச்சி! மறைத்துக் கட்டிக் கொடுத்தால், புகுந்த வீட்டில் அவள் எங்கே ஒளிந்து ஊசி போடுவாள்? கக்கூசிலா? எத்தனை வருஷம்? கல்யாணத்துக்குப் பேர் முக்கியம்தான்; கல்யாணம் வரைக்கும் பிள்ளை உயிரோடு இருப்பது முக்கியமில்லையா?

பதிவேட்டில் உள்ள பேர் வெளியே போகாது. அதற்கு நான் பொறுப்பு. உண்மைப் பேரைத் தாருங்கள், உண்மை நம்பரைத் தாருங்கள். பிள்ளையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள எங்களுக்கு வழி தாருங்கள்!

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். உட்கார்ந்திருப்பவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரிடமே சொல்லுங்கள். அந்தக் கூச்சத்தை அவரைவிட அறிந்தவர் இந்த மண்டபத்தில் இல்லை.

பொறுமையில்லாதவன் பேச்சைப் பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. வாருங்கள், வாசலில் பார்ப்போம். வணக்கம்!