பின்சக்கர பேரிங் சத்தம்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் ஒட்டுக் கேட்பது என் வழக்கம். அன்று முன் சீட்டு அம்மா ஏமாற்றவில்லை.

“பிக்கப் வண்டிக்கு இன்னிக்குப் பின்சக்கர பேரிங் மாத்திடுவாங்க. இனிமே நீங்க பதில் சொல்லியாகணும்” என்றார் கணவரிடம்.

“எதுக்கு?”

“பாப்பா சென்னைக்கு வேலைக்குப் போறதுக்கு. வண்டியில எப்பக் கேட்டாலும் ‘பேரிங் சத்தத்துல கேக்கலை’ம்பீங்களே. திங்கக்கிழமை சேரணுமாம்.”

“வீட்டுல கேக்கறதுதானே?”

“வீட்டுல உங்களுக்கு டிவி சத்தம்.”

காவிரிப் பாலத்தில் கணவருக்குப் போன் வந்தது. அரியமங்கலம் மெக்கானிக் பேசியது எனக்கே கேட்டது: “ரெண்டு பக்கமும் மாத்தியாச்சுண்ணே. சத்தமே இல்ல. வந்து எடுத்துக்கங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “முன்சக்கரத்தையும் ஒரு வாட்டி பாத்துடேன்.”

“பாக்கட்டும்” என்றார் அம்மா. “பாப்பா பெட்டியை ஏத்திட்டு ஜங்ஷன் போற வண்டி. நடுவழியில நிக்கக் கூடாது.”

பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. கணவர் கேட்டார்: “எத்தனை மணிக்கு ரயிலு?”

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி போன் செய்தாள்.

“பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைம்மா” என்றேன்.

முன் சீட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.