பனையின் உயரம்

வில்லுக்குறியில் எஞ்சின் கொதித்து பஸ் நின்றுவிட்டது. கிளீனர் வாளியை எடுத்துக்கொண்டு குளத்துக்கு இறங்கினான். என் முன்சீட்டில் இரண்டு வாத்தியார்மார். மூத்தவரின் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள்.

"நான் தப்புன்னு வெட்டின கணக்குதான் சரியாக்கும் ஓய்," என்றார் அவர். "அதுலேருந்து சோறு இறங்கல்ல."

"என்ன கணக்கு அண்ணாச்சி?"

"நாலாம் பாரத்துப் பிள்ளையளுக்கு முக்கோணம் எடுத்தேன். ஒரு கம்ப நட்டு, அதுக்க நிழலையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நிக்க பனைக்க நிழலையும் அளந்து, பனை எவ்வளவு உயரம்னு சொல்லச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே விடை. ஒரு பிள்ளைக்கு மட்டும் குறைவு."

"அளக்கத் தெரியல்லியா?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அந்தப் பனையிலேருந்துதான் போன வருசம் அவளுக்க அப்பன் விழுந்து செத்தான். இப்ப அண்ணங்காரன் படிப்ப விட்டுட்டு அதுல ஏறுகான். இவ அளக்கப் போன நேரம் அவன் மேல நின்னிருக்கான்."

கிளீனர் வாளியோடு திரும்பி வந்தான்.

"ஓலை நுனி வரைக்கும் ஏம்ட்டி அளக்கல்லன்னு சத்தம் போட்டேன். அண்ணனுக்க கால் நிழல் வரைக்கும் அளந்தேன் சார்னு சொன்னா. அது போதுமாட்டின்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அதுக்கு மேல நின்னு யாரும் விழமாட்டாவ சார்னு சொன்னா."