மண்டபத்துச் சொதி

"சொதிய மண்டபத்து வாசல்லயே கொட்டிட்டேன், மைனி."

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்த பெண் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். மடியில் பெரிய காலித் தூக்குவாளி. தன் தெருவின் மகளிர் குழுத் தலைவி அவள் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. பக்கத்தில் இருந்தவள் வேறு தெருக்காரி.

"கல்யாணச் சாப்பாட்டையா? ஏன்?"

"கடைசிப் பந்தி முடிஞ்ச பொறவுதான மிஞ்சுனத எங்க தெருவுக்குத் தாராவ. சொதில ஊத்துன தேங்காப்பாலு அதுவரைக்கும் தாங்குமா? போன மாசம் அதத் தின்னுட்டுப் பிள்ளையெல்லாம் வயித்தால போயி ஆஸ்பத்திரில கெடந்துச்சு."

"மண்டபத்து அண்ணாச்சி ஏசலையா?"

"ஏசுனாவ. தர்மத்துக்குத் தாரதுல குத்தம் சொல்லுதியான்னாவ. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, வாங்கிக்கிடுதேன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரவியெல்லாம் பாத்துக்கிட்டு நிக்காவ. அண்ணாச்சி கைய வைக்கல."

"இனிமே ஒண்ணும் தர மாட்டாவளே."

"நேத்து அவியளே போன் பண்ணுனாவ. இனி மொதப் பந்திக்கு முன்னாலயே எங்களுக்கு எடுத்து வச்சிருவாவளாம். அதான் வெள்ளனப் போறேன்."

"நம்பிட்டியாக்கும்?"

அவள் பைக்குள் கையை விட்டு ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினாள்.

"மொத வாய் அண்ணாச்சிக்குத்தான்."